ஒரு கை எண்ணெய்

கடலுக்கும் எங்கள் ஊருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. மேற்கே குமுளி மலை, கிழக்கே மேகமலை. நடுவில் முல்லையாறு, நெல் வயல், தென்னந்தோப்பு, திராட்சைப் பந்தல். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களில் பலர் கடலை முதன்முதலாகப் பார்ப்பது, தகப்பனாருக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போகும்போதுதான். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

இப்படிப்பட்ட ஒருவன் கடலில் எண்ணெய் கொட்டுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "உமக்கு என்ன ஐயா தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குக் கடல் தெரியாது, கிணறு தெரியும். ஒரு கிணற்றில் எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும் என்பது, கொட்டியவன் என்ற முறையில், எனக்கு நன்றாகவே தெரியும்.

1991-ஆம் வருஷம். எனக்குப் பதினொரு வயசு. எங்கள் தோட்டத்துக் கிணறு பழைய காலத்துச் சதுரக் கிணறு. கல் கட்டடம், இறங்குவதற்குப் படிகள். கரண்டு மோட்டார் வந்துவிட்டது. ஆனால் கரண்டு தன் இஷ்டத்துக்கு வந்து தன் இஷ்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தபடியால், பழைய ஆயில் இஞ்சினும் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அதை ஓட்டுவதற்கென்று ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், இஞ்சின்காரர் என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு அவர் மாமா முறை.

ஒரு நாள் மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தவர், "மாப்ளே, அந்த டீசல் கேனைத் தூக்கிட்டுப் போயித் திட்டுல வச்சிரு" என்றார். ஐந்து லிட்டர் கேன். மூடியைச் சரியாகத் திருகாமலே தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் பாசி வழுக்கிவிட்டது. நான் கல்லைப் பிடித்துக்கொண்டேன், கேனை விட்டுவிட்டேன். அது படியில் சாய்ந்து படுத்துக்கொண்டு, மடக் மடக்கென்று தண்ணீரில் வாந்தி எடுத்தது. நிமிர்த்திப் பார்த்தபோது அடியில் ஏதோ கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அதை இஞ்சின் டாங்கில் ஊற்றிவிட்டு, கேனைத் திட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவனாக மேலே வந்தேன்.

சாயங்காலம் அப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா, தண்ணி மேல எண்ணெய் நிக்குது?"

"கேன் சாஞ்சிருச்சுப்பா."

"எம்புட்டுக் கொட்டுச்சு?"

"ஒரு கை இருக்கும்."

ஒரு கை எண்ணெய்க்காக யார் அலட்டிக்கொள்வார்கள்? மறுநாள் காலையில் வழக்கம் போல இஞ்சினை ஓட்டி நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தண்ணீர் இறங்க இறங்க அதன் மேல் மிதந்த எண்ணெயும் இறங்கியது. கடைசியில் குழாய் அதையும் சேர்த்தே உறிஞ்சிவிட்டது. மூன்றாம் நாள் நாற்று மஞ்சளாயிற்று. ஒரு வாரத்தில் பாதி நாற்றங்கால் கருகிப் போயிற்று. மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பிறகு என் சித்தப்பா வந்தார். அவர் பியூசி வரைக்கும் படித்தவர். "எண்ணெய்ப் பாத்திரத்தை எப்படிக் கழுவுறோம்? சோப்புப் போட்டுத்தானே?" என்று கேட்டு, பொட்டலம் பொட்டலமாகச் சோப்புத் தூளைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றினார். என்ன ஆச்சரியம்! ஒரு மணி நேரத்தில் தண்ணீரின் மேலிருந்த வானவில் மறைந்துவிட்டது. எல்லோரும் அவருடைய படிப்பை மெச்சினார்கள். மறுநாள் விடிந்தபோது, எத்தனையோ வருஷமாக அந்தக் கிணற்றில் வளர்ந்த கெண்டைகளும் கெளுத்திகளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

இந்தக் கதையை நான் ஏறக்குறைய மறந்துதான் போயிருந்தேன். 2017 பிப்ரவரியில் வேறு ஏதோ காரியமாகச் சென்னைக்குப் போயிருந்தபோது, ஒரு நண்பர் என்னை எர்ணாவூர்க் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே நின்றபோது எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த 'பி.டபிள்யூ. மேப்பிள்', மற்றொன்று, எண்ணெய்ச் சரக்கோடு வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்'. மோதலில் டான் காஞ்சிபுரத்திலிருந்து கனத்த எரிஎண்ணெய் கடலில் கொட்டிற்று. நான் போனபோது கரையில் கொட்டி வைத்திருந்த பாறைகளெல்லாம் தார் பூசியதுபோல் இருந்தன. அலை வெள்ளையாக வரவில்லை. கறுப்பாக, களி போலக் கனத்து வந்து பொத்தென்று விழுந்தது. நுரை கிடையாது, அலைக்குரிய சத்தம்கூடக் கிடையாது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்து பார்த்தார்கள். களியின் கனத்தில் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கடைசியில் கை கொடுத்தது வாளிதான். கடலோரக் காவல் படையினரும் கூலியாட்களும் மீனவ இளைஞர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வரிசையாகப் பாறைகளின் மேல் நின்றுகொண்டு, நாங்கள் கிணறு தூர் வாரும்போது சட்டியைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, வாளியைக் கைமாற்றிக் கொண்டிருந்தார்கள். ராக்கெட் விடுகிற தேசத்தில் வாளியா என்று பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. எனக்குப் பரிகாசமாகத் தோன்றவில்லை. வேறு வழி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் ஏன் அப்படி நிற்கப் போகிறார்கள்?

என்னை உறுத்தியது வேறு விஷயம். மோதல் நடந்த அன்று துறைமுகம், எண்ணெயால் பாதிப்பு ஏதும் இல்லை என்றே அறிவித்தது. பின்பு கொட்டியது 20 டன் என்று கணக்குச் சொன்னார்கள். கரையில் வாரிய களியின் எடையோ அந்தக் கணக்கைச் சீக்கிரமே தாண்டிப் போயிற்று. களியில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்பது வாஸ்தவம்தான். ஆனால் அதைக் கழித்துப் பார்த்துப் பின்னால் வந்த கணக்குகளும் 200 டன்னை ஒட்டியும் அதைத் தாண்டியும் நின்றன.

"எம்புட்டுக் கொட்டுச்சு?"

"ஒரு கை இருக்கும்."

அந்தப் பாறையில் நின்றுகொண்டு நான் யாரைக் குறை சொல்ல?

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கல்லூரிப் படிப்பை நடுவில் விட்ட எனக்குப் புரிந்த மட்டில் சொல்லுகிறேன்.

எண்ணெய் கடலில் விழுந்ததும் பரவுகிறது. ஒரே ஒரு லிட்டர், மெல்லிய வானவில் ஆடையாக, கால் ஏக்கருக்கு மேல் விரிந்துவிடும். அதில் லேசான பங்கு வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிப் போகிறது. ஆனால் போவதற்குள் அதுதான் அதிக விஷம். கனத்த பங்கை அலை விடாமல் கடைகிறது. மோரைக் கடைந்தால் வெண்ணெய் பிரியும். இங்கே நேர் எதிரிடை. கடையக் கடைய எண்ணெய்க்குள் தண்ணீர் புகுந்து, இரண்டும் பிரிக்க முடியாத களியாகிவிடுகிறது. ஒரு வாளி எண்ணெய் மூன்று வாளி, நான்கு வாளிக் களியாகும். அதனால்தான் முதல் சில மணி நேரம் முக்கியம். மிதவை வேலி போட்டு எண்ணெயைச் சுற்றி வளைப்பதோ, மேலாக வழித்தெடுப்பதோ அப்போதுதான் ஆகும். அந்த நேரத்தில் ஒருவர், "ஒன்றுமில்லை, கொஞ்சம்தான்" என்று சொன்னால், அந்த ஒரு வார்த்தையால் ஏற்படும் நஷ்டத்தைப் பிறகு ஆயிரம் வாளியாலும் ஈடு செய்ய முடியாது.

பறவையின் சிறகில் எண்ணெய் பட்டால், குளிரும் ஈரமும் உடம்பைத் தொடாமல் காக்கிற இறகுக் கட்டு குலைந்துவிடுகிறது. அது அலகால் சிறகைக் கோதிக் கோதிச் சுத்தம் பண்ணப் பார்க்கிறது; அப்படியே விஷத்தையும் விழுங்குகிறது. சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அதன் குணமே அதற்கு எமனாகிறது. அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே வேரை நீட்டி மூச்சு விடுகின்றன. எண்ணெய் அந்த மூக்கை அடைத்துவிடுகிறது. எண்ணூர்ப் பக்கத்து மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற பருவம் ஜனவரியில் ஆரம்பம். அந்தச் சமயம் பார்த்துத்தான் கப்பல்கள் மோதின. செத்த ஆமைகள் கரை ஒதுங்கியதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

என் சித்தப்பாவின் சோப்புத் தூளையும் புஸ்தகத்தில் கண்டுபிடித்தேன். 1967 மார்ச் 18-ஆம் தேதி, இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் 'டாரி கேன்யன்' என்ற கப்பல் பாறையில் ஏறி நின்றது. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். ஆகாய விமானத்திலிருந்து குண்டு போட்டுக் கொளுத்திப் பார்த்தார்கள். அதோடு, எண்ணெயைக் கரைப்பதற்கென்று சுமார் 10,000 டன் சலவை மருந்தைக் கொட்டினார்கள். பார்வைக்குக் கரை சுத்தமாயிற்று. ஆனால் பாறைகளில் ஒட்டி வாழ்கிற நத்தைகளையும் சிறு பிராணிகளையும் எண்ணெயைவிட மருந்துதான் அதிகமாகக் கொன்றது. மருந்து படாத பாறைகள் இரண்டு மூன்று வருஷத்தில் தேறின. மருந்து பட்ட சில பாறைகளுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல் ஆயிற்று. சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை. அதைப் பொடித் துளிகளாக உடைத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. மேலே பறவைக்குப் பகையாக இருந்தது கீழே மீனுக்குப் பகையாகிறது. இன்றைய மருந்துகள் அவ்வளவு கொடியவை அல்ல. கரைக்கு எட்டிய ஆழ்கடலில் யோசித்து உபயோகித்தால் பயனும் உண்டு என்கிறார்கள். எங்கள் கிணற்றில் ஆழ்கடல் ஏது?

1989 மார்ச் 24-ஆம் தேதி அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' கப்பல் சுமார் 37,000 டன் எண்ணெயைக் கொட்டியபோது, அமெரிக்கர்கள் வெந்நீரைக் கொண்டு அடித்தார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கூழாங்கற்களைக் கழுவினார்கள். கற்கள் பளபளத்தன. எண்ணெய்க்குத் தப்பிப் பிழைத்த ஜீவன்கள் வெந்நீரில் வெந்து போயின. பல வருஷம் கழித்து அதே கரையில் கற்களுக்கு அடியில் தோண்டினால் எண்ணெய் அப்படியே இருந்தது. நாம் 'சுத்தம் செய்தோம்' என்று சொல்லுவது பெரும்பாலும் கண்ணுக்குச் சுத்தம்தான்.

அப்படியானால் எண்ணெயை நிஜமாக அழிப்பது யார்? கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்கள். கடலடியில் எத்தனையோ இடங்களில் எண்ணெய் ஆதிகாலம் முதல் தானாகவே கசிந்துகொண்டிருப்பதால், அதைத் தின்று ஜீவிக்கிற கிருமிகளும் கடலில் உண்டு. வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி என்ற விஞ்ஞானி, எண்ணெயின் பல பகுதிகளையும் தின்னக்கூடிய ஒரு கிருமியை அமெரிக்காவில் உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்ற வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-இல் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. எண்ணெய்ச் சகதியைத் தின்ன இந்தியாவிலேயே வளர்த்தெடுத்த கிருமிக் கலவைகளும் இன்று இருக்கின்றன. ஆனால் கிருமிக்கு அவசரம் தெரியாது. மனிதன் கையால் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டால், மிச்சத்தை அது சாவகாசமாகத் தின்னும். எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டினால் ஆகாது.

2023 டிசம்பரில் மறுபடியும் எண்ணூர். இந்தத் தடவை கப்பல் இல்லை. மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்துவிட்டது. மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் வளாகத்திலிருந்து அது வந்ததாக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கறுப்புக் கோடு. கூழைக்கடாக்கள் கறுப்பாகிவிட்டன. வாளி, பீப்பாய், கப்பு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மீனவர்களே தங்கள் படகுகளில் போய் அள்ளினார்கள். பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று சர்க்கார் அறிவித்தது. வலை போயிற்று, தொழில் போயிற்று, தொழில் திரும்பினாலும், "எண்ணூர் மீனா? வேண்டாம்" என்று சொல்லுகிற ஜனங்களின் வாயை எந்த நஷ்டஈடு அடைக்கும்?

எண்ணெயைக் கொட்டுகிறவன் வேறு. அதற்காகக் கஷ்டப்படுகிறவன் வேறு. இதைத்தான் இஞ்சின்காரர் விஷயத்தில் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாற்றங்கால் கருகிய அன்று அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். பையன் கொட்டியது ஒரு கை. ஒரு கை எண்ணெயில் பாதி நாற்றங்கால் போகுமா? அப்படியானால் மீதி எண்ணெய் எங்கிருந்து வந்தது? இஞ்சின் டாங்கு ஒழுகியிருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் இருந்தவர் இஞ்சின்காரர். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நான் கொடுத்த முதல் எண்தான் பொய்.

அப்பா அவரைத் திட்டவில்லை. கூலியில் பிடித்துக்கொண்டார். அவர், "டாங்கு ஒழுகலண்ணே. நான் தினமும் துடைச்சுப் பாக்குறேன்" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்தார். கேனை என் கையில் கொடுத்தவர் அவர். அதில் எவ்வளவு இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை.

மீன்கள் செத்து மிதந்த பிறகு, அப்பத்தாதான் கிணற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். வைக்கோல் பிரி திரிக்கச் சொன்னாள். சாக்கு, தேங்காய் நார் எல்லாம் கொண்டுவரச் சொன்னாள். எல்லோரும் வேலையில் இருக்கும்போது என்னை மட்டும் தனியே கூப்பிட்டாள்.

"நெசத்தைச் சொல்லு ராசா. எம்புட்டுக் கொட்டுன?"

"எதுக்கு அப்பத்தா?"

"எம்புட்டுன்னு தெரிஞ்சாத்தான எத்தனை கட்டு வைக்கல் வேணும்னு தெரியும்?"

அவள் கேட்டதில் கோபமே இல்லை. வைக்கோலுக்காகக் கேட்டாள். அதனால்தானோ என்னவோ, என்னால் சொல்ல முடிந்தது. "கேன்ல முக்காவாசிக்கு மேல" என்றேன்.

சோப்புப் பட்டதை வைக்கோலும் முழுதாகப் பிடிக்காது. ஆகவே ஒன்பது நாள். கிணற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பிரியை மிதக்கவிட்டு, மெல்ல இழுத்து எண்ணெயை ஒரு மூலைக்குக் கொண்டுவருவது. அகலச் சட்டியால் மேலாக வழிப்பது. நாரையும் சாக்கையும் போட்டு ஊறவைத்து எடுப்பது. எடுத்ததைத் தோட்டத்துக்கு வெகுதூரம் தள்ளிக் குழியில் புதைப்பது. கடைசியில் தண்ணீர் முழுவதையும் இறைத்துத் தரிசில் விட்டார்கள். மிதவை வேலி, உறிஞ்சு பஞ்சு என்று இன்று கப்பல்களில் வைத்திருப்பதெல்லாம் இவற்றுக்கு அண்ணன் தம்பிகள்தான்.

அப்பாவிடம் அப்பத்தாவே சொல்லிவிட்டாள். அவர் என்னை அடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு இஞ்சின்காரர் வீட்டுக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். அப்பா இரண்டு தடவை குமுளிக்குப் போய் விசாரித்தார். எந்தத் தோட்டம் என்று தெரியவில்லை. பிடித்த கூலி, ஒரு கவரில், அப்பாவின் பெட்டியில் கடைசி வரைக்கும் இருந்தது.

சென்ற மாதம் கம்பத்தில் ஒரு லாரிப் பட்டறைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பையன் கழிவு ஆயிலைக் கொண்டுவந்து சாக்கடையில் கவிழ்த்தான். அந்தச் சாக்கடை வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் முல்லையாற்றுக்கு, முல்லையாறு தேனிக்குப் பக்கத்தில் வைகைக்கு, வைகையில் மிச்சம் மீதி இருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாய் தாண்டி ஆற்றங்கரையில் கடலுக்கு. வட அமெரிக்கக் கடல்களில் சேருகிற எண்ணெயில் பெரும் பங்கு கப்பல் விபத்தால் வருவதல்ல, நிலத்திலிருந்து தண்ணீரோடு ஓடி வருவதுதான் என்று அந்நாட்டு விஞ்ஞான அகாடமிகள் 2022-இல் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கின்றன. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்று ஆரம்பத்தில் எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

"எம்புட்டுத் தம்பி ஊத்துன?" என்று கேட்டேன்.

"கொஞ்சூண்டுதாண்ணே."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கிணற்றுக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த இஞ்சின்காரரு திரும்பி வந்தாராண்ணே?" என்றான். இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு பழைய பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து வைத்தான். அது எத்தனை நாளைக்கு அங்கே இருக்குமோ, தெரியாது.

எங்கள் கிணறு அந்த வருஷம் இரண்டு தடவை ஊறி, இரண்டு தடவை இறைத்த பிறகுதான் தேறிற்று. சித்தப்பா தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் எடுத்து வெயிலில் காட்டி, சுத்தமாகிவிட்டது என்று எத்தனையோ தடவை சொன்னார். அப்பத்தா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. தினமும் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்த் தொட்டியண்டை நிறுத்துவாள். அது முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். நாற்பது நாளுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் காலையில் மாடு முகர்ந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு வாயை வைத்து உறிஞ்சிக் குடித்தது. அதற்கப்புறம்தான் அப்பத்தா குடத்தை எடுத்தாள்.